மூன்று விநாடிப் பூட்டு

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். ஒரு நாளைக்கு நானூறு அழைப்பு அவள் காது வழியாகப் போகும். எந்த டாக்டர் எந்த வார்டில் இருக்கிறார், எந்த டாக்டர் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் குடும்பத்தில் அவள் பாப்பாதான். அண்ணன் வைத்த பேர். இருபது வயதில் அவளுக்குப் பார்வை முழுசாகப் போனபோது அந்தப் பேர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அந்தக் கார்கள் எப்படி இருக்கும் தெரியுமல்லவா? ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக். முப்பது வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்கில் காலை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிற மனுஷன். வீட்டிலும் அதே கதைதான். யார் எதைச் செய்தாலும் அவர் கால் தன்னால் அழுந்தும். தங்கமான மனுஷன், அதில் சந்தேகமே வேண்டாம். தங்கமான மனுஷர்களிடம் மாட்டிக்கொண்டால்தான் கஷ்டம். கெட்டவன் என்றால் நாலு திட்டு திட்டிவிட்டுக் கதவைச் சாத்தலாம்.

அம்மா போய் எட்டு வருஷமாகப் பாப்பா மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். தனியாகச் சமைக்கிறாள், தனியாகச் சாப்பிடுகிறாள், பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் சத்தமாகவே பாடுகிறாள். "கண்ணு தெரியாம எப்படிம்மா சமைக்கிற?" என்று லிஃப்டில் கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "மூக்கு, காது, கை மூணும் லீவு போடலைங்களே." கேஸ் அடுப்பின் திருகை எவ்வளவு திருப்பினால் எவ்வளவு தீ என்பது அவள் மணிக்கட்டுக்கே மனப்பாடம்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கட்டட ஆபீஸ்காரர்கள் கல்லைப் போட்டார்கள். கட்டடம் பழசு, கேஸ் குழாய் அங்கங்கே கசிகிறது, எல்லா வீட்டிலும் குழாயை மூடிவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு பதிக்கப்போகிறோம் என்று அறிவிப்பு. ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். பழைய அடுப்பைப் பிடுங்கினார்கள், மேடையில் ஒரு கண்ணாடிப் பலகையைப் பதித்தார்கள். "ரொம்ப ஈஸிம்மா, சும்மா தொட்டா போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

தொட்டால் போதும்! அதுதானே வினை. பாப்பா அந்தப் பலகையின் மேல் கையை ஓட்டிப் பார்த்தாள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, திருகும் இல்லை. துடைத்துவைத்த மேஜை மாதிரி வழுவழுவென்று கிடந்தது. எங்கேதான் பட்டன் என்று விரலால் தேடினாள். பீப். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பீப், பீப், பீப், பீப். அடுப்பு எரிந்தது, எண் ஏறியது, பாத்திரம் எங்கே என்று கத்தியது, அணைந்தது. அவளுக்குத் தொடுவதுதான் பார்ப்பது. இந்த மூதேவிக்கோ தொட்டதெல்லாம் உத்தரவு. கண் இருக்கிறவர்கள் ஒரு பட்டனைப் பார்த்த உடனே அது அழுந்திவிட்டால் அவர்கள் கதி என்ன ஆகும்? ஒரு நாளில் பைத்தியம் பிடித்துவிடும்.

சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் குரலில் கவலை இருந்தது. அதற்குள்ளே ஒரு சின்ன சந்தோஷமும் இருந்ததை ஆபரேட்டர் காது கேட்டுவிட்டது.

"இது சரிப்படாது பாப்பா. கேஸ்லயாவது திருகு இருந்துச்சு. இது வெறும் கண்ணாடி. கண்ணு இருக்கிற எனக்கே புரியல. வீட்டு ஒப்பந்தம் என் பேர்லதான் இருக்கு, இந்த மாசக் கடைசியோட முடியுது. புதுப்பிக்க வேண்டாம். நம்ம வீட்டு மாடி ரூம் சும்மாதானே கிடக்கு? வந்துடு."

அந்த மாடி ரூமைப் பாப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அம்மா இறந்தபோது இரண்டு வாரம் அங்கே இருந்திருக்கிறாள். ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாததுதான் குறை. தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று பேர் எழுந்து வருவார்கள். "உக்காரு பாப்பா, நான் கொண்டுவரேன்." டம்ளரைக் கழுவப் போனால் டம்ளர் கையிலிருந்து பிடுங்கப்படும். பதினைந்தாம் நாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்த வீட்டில் இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் கையிரண்டும் எதற்கு முளைத்தது என்றே மறந்துபோயிருக்கும். இப்போது ஒரு மாதம் இல்லை, ஆயுசுக்கும் வா என்கிறார்.

"மாசக் கடைசிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு அண்ணா. கடைசி ஞாயித்துக்கிழமை நீயும் அண்ணியும் இங்க சாப்பிட வாங்க. இந்த அடுப்புல நான் சமைச்சுப் போடுறேன். அதுவரைக்கும் ஒப்பந்தத்தைப் பத்திப் பேசாதே."

"சமைக்க முடியலன்னா?"

"முடியலன்னா நானே பெட்டி கட்டுறேன்."

அண்ணன் சரி என்றார். மறுநாளே கடைக்குப் போய், ஒட்டுகிற சின்ன ரப்பர் பொட்டுகள் வாங்கி வந்து, பட்டன் ஒவ்வொன்றின் தலைமேலும் ஒன்றை வரிசையாக ஒட்டினார். ஆறு பட்டன், ஆறு பொட்டு. "இப்ப தடவிப் பாரு. எப்படி ஐடியா?" என்றார். பாப்பா தடவினாள். பொட்டு விரலுக்குத் தெரிந்தது. தெரிந்த அதே கணத்தில் பட்டனும் அழுந்தியது. பீப், பீப், பீப். தேடுவதற்கு வைத்த அடையாளத்தைத் தொட்டாலே அடுப்பு ஒன்பதாம் எண்ணுக்குத் தாவியது. அண்ணன் பெருமூச்சு விட்டார். "பாத்தியா, நான்தான் சொன்னேனே," என்று சொல்லிவிட்டு, கிளாஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போனார்.

அண்ணி மட்டும் நின்றாள். "பாப்பா, பொட்டைப் பட்டன் மேல வெக்காம பக்கத்துல வெச்சா?"

பாப்பா கையைத் தட்டினாள். "அண்ணி, உங்களுக்குப் போய் இந்த மனுஷன் வாய்ச்சாரே!"

இரண்டு பேரும் சேர்ந்து எல்லாப் பொட்டையும் நகத்தால் பிய்த்து எடுத்தார்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு விரல் அகலம் கீழே, அழுத்தினாலும் எதுவும் ஆகாத இடத்தில், திரும்ப ஒட்டினார்கள். இப்போது விரல் பொட்டின் மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இளைப்பாறலாம். எது எது என்று நிதானமாக எண்ணலாம். வேண்டிய பட்டன் கிடைத்ததும் ஒரு விரல் மேலே நகர்ந்து அழுத்த வேண்டியதுதான். இடது ஓரத்தில் முதல் பொட்டு எதற்கு என்று பாப்பா கேட்டாள். "பூட்டு படம் போட்டிருக்கு, அது நமக்குத் தேவைப்படாது" என்றாள் அண்ணி. போகும்போது, "ஒட்டினது உங்க அண்ணன். பிச்சது நான்னு மட்டும் சொல்லிடாதே, தாயே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் பாப்பா அடுப்போடு குஸ்தி போட்டாள். பழைய அலுமினியப் பாத்திரங்களை அடுப்பு சீந்தவே இல்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனாள். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் காந்தத்தை வைத்து, ஒட்டுகிறதா என்று பார்த்தாள். கடைக்காரர், "என்னம்மா, மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறீங்களே," என்றார். "மாப்பிள்ளைன்னா இவ்வளவு பாக்கமாட்டேங்க, இது தினம் கூட இருக்கப்போறது" என்றாள் அவள். மூன்று பாத்திரமும் ஒரு வாணலியும் தேறின.

முதல் நாள் சோறு குழைந்தது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு கருகியது. கருகினதையும் சுரண்டிச் சாப்பிட்டாள், அவள் சமையல், அவள் வயிறு, யாருக்கு என்ன போச்சு. மூன்றாம் நாள் பால் பொங்கிப் பட்டன் மேல் வழிய, அடுப்பு கோபித்துக்கொண்டு கீச்சென்று கத்தித் தானே அணைந்தது. "அட, உனக்குக்கூட ரோஷம் இருக்கே!" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

நாலாம் நாள் அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. கேஸ் அடுப்பு எரியும்போது 'உஸ்' என்று ஒரு இரைச்சல் எப்போதும் இருக்கும். இத்தனை வருஷமும் அந்த இரைச்சலுக்கு அடியில்தான் அவள் காது பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. இதில் அது இல்லை. தண்ணீர் சூடேறும்போது அடியில் முதல் குமிழ் உடைவதுகூடக் கேட்டது. அரிசி வெந்து தண்ணீர் சுண்டும்போது சத்தம் கனத்து அடங்குவது, எண்ணெய் காய்ந்ததும் கடுகு முதலில் ஒன்றாகவும் பிறகு கூட்டமாகவும் வெடிப்பது, எல்லாம் தெளிவாக வந்தது. பீப் சத்தங்களுக்கும் குணம் உண்டு. எரிந்தால் நீளமாக ஒன்று, எண் ஏறினால் குட்டையாக ஒன்று, பாத்திரம் இல்லையென்றால் அவசரமாக விட்டுவிட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்ட டீயை ஜன்னலோரம் நின்று குடித்தபோது, "வா அண்ணா, வந்து பாரு," என்று மனசுக்குள் சவால் விட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலை முடிந்து வந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ரொட்டிப் பொட்டலமும் இருந்தன. அண்ணனிடம் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. அவள் வேலைக்குப் போயிருக்கும்போது வந்து இப்படி எதையாவது வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். பாப்பா கை கால் கழுவிக்கொண்டு பருப்பைக் களைந்து அடுப்பில் வைத்தாள். பொட்டைத் தொட்டாள், ஒரு விரல் மேலே நகர்ந்தாள், அழுத்தினாள்.

அடுப்பு எரியவில்லை. கீழ்க்குரலில் மூன்று தடவை 'டுப் டுப் டுப்' என்று முனகியது, அவ்வளவுதான்.

கை ஈரமோ என்று துடைத்துக்கொண்டு அழுத்தினாள். டுப் டுப் டுப். கண்ணாடியைத் துடைத்தாள், பாத்திரத்தை மாற்றினாள், பொட்டுகளை முதலிலிருந்து எண்ணினாள். டுப் டுப் டுப். ஒரு மணி நேரம் போராடினாள். கடைசியில் அண்ணனுக்குத்தான் போன் போட்டாள்.

"அண்ணா, அடுப்பு எரியமாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு."

"அடுப்பு புதுசும்மா. அதுல என்ன கோளாறு வரும்?" என்றார் அண்ணன். பிறகு மெதுவாக, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அடுப்பைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது? விட்டுடு பாப்பா. பழம் வெச்சிருக்கேன், சாப்பிட்டுப் படு," என்றார்.

அந்தப் பழமொழி அவளைச் சரியான இடத்தில் குத்தியது. செவ்வாய்க்கிழமையும் அடுப்பு முனகியது. புதன்கிழமையும் முனகியது. மூன்று நாள் ரொட்டியும் வாழைப்பழமும். பட்டினியாவது பரவாயில்லை, சந்தேகம்தான் அவளைத் தின்றது. ஒரு வாரம் சரியாக வந்தது ஏதோ குருட்டு அதிர்ஷ்டமோ? விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்துவிட்டதோ? வயசாகிறதோ? புதன்கிழமை ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டுக்குக் கேட்டவரை எலும்பு முறிவு வார்டுக்குத் தள்ளிவிட்டாள். பத்தொன்பது வருஷ வேலையில் அப்படி ஒரு தப்பு அவளிடம் நடந்ததே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசு தட்டினாள். தட்டும்போது அழுகை வந்தது. அழுதாள்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை நாள். காலையில் எழுந்ததும், கட்டுகிற பெட்டியைக் கட்டுமுன் ஒரு தடவை அடுப்புக் கம்பெனிக்காரனையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கஸ்டமர் கேர் எண்ணைப் போட்டாள். எடுத்தது ஒரு சின்னப் பெண். குரலைக் கேட்டதுமே பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, தலைக்குப் பின்னால் பத்துப் பேர் பேசுகிற அறையில் உட்கார்ந்து, காலையிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற குரல்.

"நானும் ஆபரேட்டர்தாம்மா. உன்னைத் திட்டமாட்டேன், பயப்படாதே," என்றாள் பாப்பா.

அந்தப் பெண் சிரித்துவிட்டது. "சொல்லுங்க மேடம். டிஸ்ப்ளேல என்ன எழுத்து வருது?"

"எனக்குப் பார்வை கிடையாது. எழுத்து தெரியாது, சத்தம் தெரியும். கேக்குறியா?" பாப்பா போனை அடுப்பருகே நீட்டி, பட்டனை அழுத்தினாள். டுப் டுப் டுப்.

"இன்னொரு தடவை மேடம்." டுப் டுப் டுப். "மேடம், இது சைல்ட் லாக். வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?"

"இல்லையே. நான் ஒருத்திதான்."

"அப்ப யாரோ போட்டிருக்காங்க மேடம். இடது ஓரத்துல பூட்டு படம் போட்ட பட்டன் இருக்கும். அதை மூணு விநாடி விடாம அழுத்தினா பூட்டிக்கும், திரும்ப மூணு விநாடி அழுத்தினா திறந்துக்கும்."

"தெரியாம என் கை பட்டு விழுந்திருக்குமோ?"

"வாய்ப்பே இல்ல மேடம். தெரியாம விழக்கூடாதுன்னுதான் மூணு விநாடி வெச்சிருக்காங்க. வேணும்னு அழுத்தினாதான் விழும்."

பாப்பா நன்றி சொல்லிப் போனை வைத்தாள். முதல் பொட்டைத் தொட்டு, ஒரு விரல் மேலே நகர்ந்து, அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நீளமாக ஒரு பீப். பாத்திரத்தை வைத்து, எரியவைக்கிற பட்டனை அழுத்தினாள். அடுப்பு எரிந்தது.

மூன்று விநாடி சின்ன நேரம் இல்லை. விரலை எடுத்துவிடலாமா என்று ஒரு தடவை யோசிக்கலாம், செய்வது தப்பு என்று மனசாட்சி சொன்னால் காதில் வாங்கலாம். அதெல்லாம் நடந்தும் ஒருவர் அழுத்திக்கொண்டே நின்றிருக்கிறார். பக்கத்தில் வாழைப்பழச் சீப்பையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் போனில், கூடம் கோணல் என்று பழமொழி வேறு! நாற்பத்தாறு வயது, பத்தொன்பது வருஷ வேலை, அவளுக்குக் குழந்தைப் பூட்டு. சோறு வடித்தாள், நாலு முட்டையை உடைத்து ஊற்றினாள், நின்றபடியே வாயில் அள்ளிப் போட்டாள். மூன்று நாள் பசியும் கோபமும் சேர்ந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

சாப்பிட்ட கையோடு, கையைத் துடைத்துக்கொண்டு கீழே கட்டட ஆபீசுக்குப் போனாள். வீட்டு ஒப்பந்தத்தைத் தன் பேரில் எழுத வேண்டும் என்றாள். கிளார்க் காகிதங்களைப் புரட்டினார்.

"உங்க அண்ணன் காலி பண்றதா எழுதிக் குடுத்துட்டாரேம்மா."

"எப்ப?"

"போன வாரம். செவ்வாக்கிழமை."

இவள் கருகின உருளைக்கிழங்கைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்த நாள். அவள் பேச்சை நம்பித் தவணை கொடுத்தது மாதிரி கொடுத்துவிட்டு, மூன்றாம் நாளே வீட்டைக் கைகழுவிவிட்டு வந்திருக்கிறார்.

"வீட்டுக்கு வேற யாராவது வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஆனா அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எதுக்கு? வேலைக்குப் போறது நான். இங்க குடியிருக்கறது நான். கையெழுத்து எனக்கும் வரும். எங்க போடணும்னு மட்டும் என் விரலை வெச்சுக் காட்டுங்க, மத்தது நான் பாத்துக்கறேன்."

கிளார்க் கொஞ்சம் இழுத்தார், கொஞ்சம் முனகினார். பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் தினம் எத்தனை பெரிய டாக்டர்களைப் பிடித்து இழுத்து வருகிறவள், ஒரு கிளார்க்குக்கா அசரப்போகிறாள்? ஒரு மணி நேரத்தில் ஒப்பந்தம் தயாராகிவிட்டது. கையெழுத்துப் போட்டாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து காய் நறுக்கி, அரிசி களைந்து, எல்லாவற்றையும் தட்டுகளில் எடுத்துவைத்தாள். பிறகு அவளே பூட்டுப் பட்டனை மூன்று விநாடி அழுத்தி அடுப்பைப் பூட்டினாள்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். அண்ணன் கையில் அடுக்கு டிபன் கேரியர் இருந்ததை அதன் கிணுகிணுப்பே சொல்லிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்ட வீட்டுக்குச் சாப்பாட்டோடு வருகிற ஆள்!

"அடுப்பு ஒரு வாரமா எரியலண்ணா," என்றாள் பாப்பா. "கண்ணு இருக்கிறவன், நீயே ஒரு தடவை பாரேன்."

அண்ணன் சமையலறைக்குள் போனார். டுப் டுப் டுப். கொஞ்சம் தள்ளி இன்னொரு பட்டன். டுப் டுப் டுப். பூட்டுப் பட்டன் பக்கமே விரல் போகவில்லை என்பது அது கண்ணாடியில் தட்டிய இடத்திலிருந்தே தெரிந்தது.

"ரிப்பேர்தான் போல," என்றார் அண்ணன். "நான்தான் சொன்னேனே பாப்பா. சரி, கேரியரைத் திற, சாப்பிடலாம். சாயங்காலம் உன் பெட்டிய..."

"தள்ளு."

அந்த ஒரு வார்த்தையில் அண்ணன் நிஜமாகவே தள்ளி நின்றார். பாப்பா விரலை முதல் பொட்டில் வைத்து, மேலே நகர்த்தி, அழுத்தினாள். வாய்விட்டு எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." நீளமாகப் பீப் அடித்தது. பாத்திரத்தை வைத்து அடுத்த பட்டனை அழுத்தினாள், அடுப்பு எரிந்தது.

அண்ணியின் வளையல் சத்தம் அடுப்புப் பக்கம் வந்தது.

"என்னங்க இது?" என்றாள் அண்ணி.

"திங்கக்கிழமை வந்து பூட்டிட்டுப் போயிருக்கார் அண்ணி. மூணு நாள் ரொட்டிதான் தின்னேன். என் கைதான் செத்துப்போச்சுன்னு நினைச்சேன். போன் பண்ணினா எனக்குப் பழமொழி சொல்றார்!"

"உன் நல்லதுக்குத்தான் பாப்பா," என்றார் அண்ணன். "நாலு பேர் என்னைத்தான் கேக்குறாங்க, தங்கச்சிய தனியா விட்டுட்டியான்னு. நாலு பேரை விடு. போன் அடிச்சா, உன் வீடு தீப்பிடிச்சுதுன்னு சொல்லத்தான் கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்கிட்டே எடுக்கறேன். எட்டு வருஷமா. உனக்கு அது தெரியுமா?"

பாப்பாவுக்கு அது தெரியாது. கேட்டதும் நெஞ்சு ஒரு நிமிஷம் இளகத்தான் செய்தது. ஆனால் இளகினால் மாடி ரூம்தான் என்பதும் தெரியும்.

"பயம் உன்னோடது அண்ணா. அதுக்கு நான் ஏன் பட்டினி கிடக்கணும்? உன் கார்ல உன் காலுக்கடியில எத்தனை பிரேக் வேணும்னாலும் வெச்சுக்க. என் வீட்டுல வெக்காதே. நான் கருக்குவேன், கொட்டுவேன், குழைய விடுவேன். அது என் சோறு. ஒரு விஷயம் தெரிஞ்சுக்க, நீ எழுதிக் குடுத்த காகிதம் செல்லாது. வியாழக்கிழமையே ஒப்பந்தத்தை என் பேருக்கு மாத்திட்டேன்."

"காகிதமா? என்ன காகிதம்?" அண்ணிக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை. பாப்பா விளக்கினதும் பொரிந்து தள்ளிவிட்டாள். "ஏங்க, மனுஷனா நீங்க? என் கையில தினம் பால் பொங்குது. போன வாரம் சட்டியக் கருக்கினேன். ரெண்டு கண்ணும் முழிச்சுக்கிட்டுத்தான் கருக்கினேன். என் அடுப்பைப் பூட்டினீங்களா? பூட்டித்தான் பாருங்களேன், அப்புறம் தெரியும் சேதி!"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "சாவி," என்று பாப்பா கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அது உள்ளங்கையில் விழுந்தது. அவருடைய கைச்சூடு அதில் இருந்தது.

பிறகு அவள் சமைத்தாள். சோறு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். பருப்பு இறங்கியதும் அந்த இடத்தில் வாணலி. எண்ணெய் காய்கிறதைக் காது வைத்துக் கேட்டாள். உருளைக்கிழங்கில் ஈரம் கொஞ்சம் தங்கிவிட்டது போல, போட்டதும் எண்ணெய் சீறித் தெறித்து மணிக்கட்டில் பட்டது. "ஸ்ஸ்" என்று கையை இழுத்தாள். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

"உக்காரு," என்றாள் திரும்பாமலே.

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. அவள் கையைக் குழாயடியில் காட்டினாள், நூறு வரை எண்ணினாள், வந்து கிழங்கைக் கிளறினாள். மணிக்கட்டு எரிந்தது, நன்றாகவே எரிந்தது.

அண்ணி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பருப்பில் உப்பு கம்மி என்று சொன்னாள், கிழங்கு பிரமாதம் என்றும் சொன்னாள். அண்ணன் தட்டைத் தொடவில்லை. பசிக்கவில்லை என்றார். டிபன் கேரியர் மூடினது மூடினபடி இருந்தது.

கிளம்பும்போது அண்ணி முன்னால் இறங்கினாள். அண்ணன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் பார்வை தன் மணிக்கட்டில் இருக்கிறது என்று பாப்பாவுக்குத் தெரியும், அதை மறைக்கவில்லை.

"இன்னொரு தடவை சுட்டுக்கிட்டா என்கிட்ட வராதே," என்றார் கரகரத்த குரலில்.

"வருவேன். மருந்து போட்டுக்க உன்கிட்டதான் வருவேன், எனக்கு வேற யாரு இருக்கா? சமைக்கலாமான்னு கேக்க மட்டும் வரமாட்டேன்."

அவர் காலடிச் சத்தம் ஒவ்வொரு படியாக மூன்று மாடியும் இறங்கும் வரை நின்று கேட்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, இருந்த சோற்றில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு, உப்பு தூவிப் பிசைந்து சாப்பிட்டாள்.